வகுபடாத பனங்காடு

உச்சிப் பொழுதில் ஆடிக் காற்று கிளம்புவதற்கு முன் தேரியைக் கடந்துவிட வேண்டும். கிளம்பிய பிறகு அந்தச் செம்மணலுக்குள் நிற்பவரைத் தெய்வம்தான் திருப்பி அனுப்ப வேண்டும். முந்திரித் தோப்புக் காவல்காரர் சுயம்பு இதைச் சொல்லிவிட்டு, கடைசி முள்வேலியைக் கம்பால் தூக்கிப் பிடித்தார். இரண்டு பெண்கள் குனிந்து உள்ளே நுழைந்தார்கள்.

முன்னால் போனவள் சந்தனமாரி. அவள் கணவன் லிங்கதுரை காயாங்குடித் தேரிக்குள் போய் இரண்டு இரவுகள் கழிந்துவிட்டன, போனும் அணைந்து கிடந்தது. பின்னால் போனவள் லிங்கதுரையின் தங்கை தவக்கனி. திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறாள். ஊர் ஆண்கள் எல்லோரும் கடற்கரைப் பக்கமாகத் தேடப் போயிருந்தார்கள். புதிதாக ஒரு கல்தூண் வெளிப்பட்டிருக்கும் மேற்குப் பக்கம் இவர்கள் மூவர்தான்.

லிங்கதுரை புதையலுக்கு ஆசைப்படுகிறவன் இல்லை. திருச்செந்தூருக்கு நடந்து போகும் பக்தர்களுக்குத் தேரி ஓரத்தில் பானை வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறவன். போன வருடம் ஒரு முதியவர் கூட்டத்தை விட்டு விலகி, தேரிக்குள் வழி தவறி, நா வறண்டு இறந்துபோனார். அவர் கையில் இருந்த வேலாயுதத்தை எடுத்துக் கோவிலில் சேர்த்தவன் லிங்கதுரைதான். அன்றிலிருந்து தேரிக்குள் தண்ணீர் கிடைக்க வேண்டும் என்று அவனுக்கு ஒரே நினைப்பு. நூற்றைம்பது வருடங்களுக்கு முன் வள்ளியம்மை என்ற புண்ணியவதி தேரிக்குள் ஒரு பனங்காடு வைத்து, நடு மரத்தடியில் கிணறும் தோண்டினாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. 'நட்ட மரம் கல்லில், நடு மரம் கண்ணில்' என்பார்கள். நட்ட மரங்களின் எண்ணிக்கை கல்லில் இருக்கிறது என்று பொருள்; கண் என்றால் ஊற்றுக்கண். சிலர் அந்தக் கிணற்றுக்குள் பொன்குடம் இருப்பதாகவும் சேர்த்துச் சொல்வார்கள். காட்டை மணல் தின்றுவிட்டது. கிணறு எங்கே என்று யாருக்கும் தெரியாது.

போன வாரம் காற்று ஒரு மணல்மேட்டைப் பெயர்த்தபோது அந்தக் கல் வெளியே வந்தது. லிங்கதுரை அங்கிருந்தே தங்கைக்குப் போன் செய்தான். கல்லில் பழைய தமிழ் இலக்கங்கள் இருக்கின்றன என்று சொல்லி ஒவ்வொன்றாகப் படித்தான். இரண்டு, ஒன்று, பூஜ்யம், நான்கு, பூஜ்யம், மூன்று. இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்து நானூற்று மூன்று மரம். இதை எத்தனை வரிசையாக, வரிசைக்கு எத்தனை மரமாக நட்டிருக்க முடியும் என்று கேட்டான்.

தவக்கனிக்கு எண்களோடு இருக்கும் நேரம்தான் நல்ல நேரம். அன்று மாலை நானூற்றைம்பத்தெட்டு வரை உள்ள பகா எண் ஒவ்வொன்றாலும் அதை வகுத்துப் பார்த்தாள். ஏழு மீதி வைத்தது. பதினொன்று மீதி வைத்தது. கடைசி வரை ஒவ்வொன்றும் மீதி வைத்தது. அப்படியானால் அது பகா எண். ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறு எதாலும் வகுபடாதது. யாரோடும் பங்கு போடாதது. அண்ணனைக் கூப்பிட்டு, "வரிசையா அடுக்க முடியாதுண்ணே. ஒரே வரிசைதான்" என்றாள். அவன் வீட்டுக்கு எப்போது வருவாய் என்று கேட்டது காதில் விழுந்தது. விடைத்தாள் திருத்த வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டாள். அப்பா இறந்த பிறகு அவள் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. சண்டை எதுவும் இல்லை. முதலில் ஒரு பொங்கலுக்குப் போகவில்லை, பிறகு போகாமல் இருப்பதே பழகிப்போனது.

கல்லூரிப் பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயரும் 'பகா எண்'தான். அவளுக்கு அது தெரியும். கோபம் வந்ததில்லை. சரியான பெயர் என்றே நினைத்திருந்தாள்.

வேலியைத் தாண்டியதும் சந்தனமாரி இடுப்பிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து நாத்தனார் கையில் திணித்தாள். கருப்பட்டியும் பொரிகடலையும் இருந்தன. கூடவே ஒரு சூடப் பொட்டலமும் தீப்பெட்டியும்.

"பசிச்சா தின்னு. சூடம் சாஸ்தாவுக்கு. தொலைச்சிராத."

"அண்ணனைத் தேடப் போறோமா, சாமி கும்பிடப் போறோமா மைனி?"

"ரெண்டும் ஒண்ணுதான். உனக்கு என்னைக்குத்தான் அது விளங்கியிருக்கு."

மணல் காலைப் பிடித்து இழுத்தது. சுயம்பு முன்னால் கம்பை ஊன்றிக்கொண்டு போனார்.

வெயில் ஏறும் முன் கல்லை அடைந்தார்கள். முழங்கை அகலமே உள்ள ஒடுங்கிய தூண். இடம் போதாததால் இலக்கங்களை ஒன்றின் கீழ் ஒன்றாகச் செதுக்கியிருந்தார்கள். உச்சியில் ௨. அதன் கீழே ௧, ௦, ௪, ௦, ௩. மேலே இருந்த இரண்டு மற்றவற்றைவிடச் சற்றுப் பெரியதாக, வாலை நீட்டிக்கொண்டு இருந்தது. கொத்தன் முதல் இலக்கத்தில் கைவரிசை காட்டியிருக்கிறான் என்று தவக்கனி எண்ணிக்கொண்டாள்.

கல்லில் தொடங்கி மேற்கு நோக்கி ஒரு மேட்டு விளிம்பில் பனைகள் நின்றன. பல பட்டுப்போய் மொட்டையாக நின்றன. சில இடங்களில் அடிக்கட்டை மட்டும் தெரிந்தது. மரத்துக்கு மரம் பத்தடி இருக்கும். வடக்கே செம்பாறைத் தரை. தெற்கே கண்ணுக்கு எட்டிய வரை மணல் அலைகள்.

சுயம்பு வரிசையைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், பிறகு மோவாயைச் சொறிந்தார்.

"டீச்சர், ரெண்டு லட்சத்துச் சொச்சம் பனையை ஒத்தை வரிசையா நட்டா கடைசிப் பனை மெட்ராஸ் தூரத்துல இல்லா நிக்கும். நடு மரமே திருச்சி தூரத்துல வரும். அங்க போயி தண்ணி கோரவா வள்ளியம்மை கிணறு வெட்டுனா?"

தவக்கனிக்குச் சுருக்கென்றது. வகுத்ததில் பிழை இல்லை என்று அவளுக்குத் தெரியும். எண் பொய் சொல்லாது. ஆனால் அந்த எண் சொன்ன பனங்காடு இந்த உலகத்தில் இருக்க முடியாது.

"இது அவியளுக்கும் தெரியாமலா இருக்கும்?" என்றாள் சந்தனமாரி. கண் கணவன் போன மேற்கே இருந்தது. "தங்கச்சி சொன்னா தப்பாதுன்னு நேரே போயிருப்பாவ. போயிக்கிட்டே இருப்பாவ."

அவள் குற்றம் சாட்டவில்லை. உள்ளதைச் சொன்னாள். தவக்கனிக்கு அதுதான் தாங்க முடியவில்லை. விறுவிறுவென்று இருவருக்கும் முன்னால் நடக்கத் தொடங்கினாள்.

காற்று அன்று சொன்ன நேரத்துக்குக் காத்திருக்கவில்லை. முதலில் மணல்மேடுகளின் முதுகில் புகைபோல ஏதோ ஓடியது. பிறகு வானம் சிவந்து தரையோடு ஒட்டிக்கொண்டது. உட்காருங்கள், முகத்தை மூடுங்கள் என்று சுயம்பு பின்னால் கத்தியது பாதிதான் கேட்டது. தவக்கனி ஒரு பனையின் அடியைக் கட்டிக்கொண்டு சேலையால் தலையை மூடினாள். மணல் ஊசி ஊசியாகக் குத்தியது. மைனி, மைனி என்று கூப்பிட்டாள். வாய் நிறைய மண்தான் வந்தது.

காற்று தணிந்தபோது தேரி வேறு தேரியாக இருந்தது. பின்னால் இருந்த மேடு இடம் மாறியிருந்தது. காலடித் தடம் ஒன்றுகூட இல்லை. கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. மணல் புகுந்த போன் உயிர்விட்டிருந்தது. தண்ணீர்க் கேன் சந்தனமாரியிடம் இருந்தது. அவளிடம் இருந்தது கருப்பட்டி முடிச்சு மட்டும்.

தனிமை அவளுக்குப் புதிதல்ல. வாடகை வீட்டில் ஒற்றைத் தட்டு, ஒற்றைத் தம்ளர், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் திறக்காத வாசற்கதவு. அதையெல்லாம் அவள் சுதந்திரம் என்று சொல்லிக்கொள்வாள். ஆனால் அந்தச் சுவருக்கு அப்பால் எப்போதும் யாரோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள், யாரோ பிள்ளையை அதட்டுவார்கள். இங்கே சுவர் இல்லை, அதற்கு அப்பால் ஆளும் இல்லை. பனையோலைகள் மட்டும் சரசரத்தன. தன் பெயரைத் தானே ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். அது அடுத்த மேட்டைக்கூட எட்டவில்லை.

வரிசையை விடாமல் மேற்கே நடந்தாள். அண்ணன் போன வழி அதுதான். கொஞ்ச தூரத்தில் ஒரு பனையில் நீலத் துண்டு ஒன்று கட்டியிருந்தது. அவிழ்த்துப் பார்த்தாள். உள்ளே ஒரு தண்ணீர்ப் புட்டி, முக்கால் அளவு நிறைந்திருந்தது.

அண்ணனுடைய துண்டுதான். அவனுக்குத் திரும்பி வரும் வழிக்கு வேண்டும் என்று வைத்ததாக இருக்காது. அவன் பழக்கம் அவளுக்குத் தெரியும். எங்கே போனாலும் பின்னால் வருகிறவனுக்கு ஒரு வாய் தண்ணீர் வைக்காமல் போக மாட்டான். சிறு வயதில் இரயில் நிலையக் குழாயில் தான் குடிக்கும் முன் அடுத்தவர் செம்பை நிரப்பிக் கொடுத்து, இரயிலையே தவறவிட்டவன் அவன். அன்று அவனைப் பைத்தியக்காரன் என்று திட்டியவள் இவள்.

நாலு மடக்கு குடித்தாள். மீதியை எடுத்துக்கொண்டு புறப்பட்டவள் நின்றாள். மைனியும் இந்த வரிசையைப் பிடித்துத்தான் வருவாள். கேன் காற்றில் போயிருந்தால்? தன்னிடம் இரண்டு பாத்திரம் இல்லை. பாதியை எடுத்துக்கொண்டு பாதியை வைப்பது முடியாத காரியம். அங்கேயே இன்னும் இரண்டு மடக்கு மட்டும் குடித்துவிட்டு, புட்டியைத் திரும்பவும் துண்டில் கட்டினாள். வைத்த இடத்திலேயே அது இருக்கட்டும்.

துண்டைப் பார்த்தால் மைனிக்குப் புரியும். ஆனாலும் ஒரு வார்த்தை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. காய்ந்த பனைமட்டை ஒன்றை எடுத்தாள். வீட்டுச் சாவியால் அதன் வழவழப்பான உட்புறத்தில் கீறினாள். 'மைனி, குடிங்க.'

கீறி முடித்துவிட்டுப் பார்த்தாள். இரண்டு வார்த்தைகள் அல்ல, மூன்று குறிகள் இருந்தன. அவள் நினைக்காமலே, மட்டையின் உச்சியில், கை தானாக ஒரு சுழியைப் போட்டிருந்தது.

உ.

கோவிலுக்குப் போவதை நிறுத்தி எத்தனையோ வருடமாகிவிட்டது. விபூதிக் கிண்ணத்தை எங்கே வைத்தாள் என்றே நினைவில்லை. ஆனால் எழுதத் தொடங்கும் முன் பிள்ளையார் சுழி போட வேண்டும் என்று முதல் வகுப்பில் பழகிய கை அதை மறக்கவில்லை. உச்சியில் உ. அதன் கீழே சொல்ல வந்த செய்தி.

அவள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

கல்லைச் செதுக்கிய கையும் தமிழ்க் கைதானே. அந்தக் கையும் முதலில் சுழி போட்டுவிட்டுத்தானே எண்ணைத் தொடங்கியிருக்கும். தமிழ் இரண்டும் பிள்ளையார் சுழியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அண்ணன் சாமியை இரண்டு என்று படித்துவிட்டான். இவளோ கல்லை நேரில் பார்த்தும் இலக்கத்தைத்தான் பார்த்தாள். இரண்டு லட்சத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பத்தாயிரத்து நானூற்று மூன்று.

அந்த எண்ணைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அதற்குத் தாள்கூட வேண்டாம். நூற்றிரண்டை நூற்றிரண்டால் பெருக்கினால் பத்தாயிரத்து நானூற்று நான்கு. இது அதைவிட ஒன்று குறைவு. ஒரு சதுரத்தில் ஒன்று குறைந்தால், அது பக்க எண்ணுக்கு ஒன்று கீழேயும் ஒன்று மேலேயும் உள்ள இரண்டின் பெருக்கல். நூற்றொன்று, நூற்றுமூன்று. இரண்டும் பகா எண்கள். ஆகவே இந்த எண்ணைச் செவ்வகமாக அடுக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. வேறு எப்படியும் முடியாது. இரண்டும் ஒற்றைப்படை. ஆகவே நட்டநடுவில் சரியாக ஒரே ஒரு மரம் நிற்கும்.

நடு மரம் கண்ணில்.

எழுந்து நின்று இரு பக்கமும் பார்த்தாள். மேற்கே அண்ணன். இந்த வரிசை முடிந்த பிறகும் அவன் நேர்கோட்டில் நடந்திருப்பான், அவள் சொன்ன ஒற்றைச் சொல்லை நம்பி. பின்னால் ஓடினால் தொலைந்தவர் இருவராவார்கள். நடு மரத்தைக் கண்டுபிடித்தால் தண்ணீர் இருக்கும், தெம்போடு ஊராரைக் கூட்டி வந்து அவனைத் தேடலாம். அண்ணன் இருக்கும் திசைக்கு முதுகைக் காட்ட வேண்டியிருந்தது. அவள் வாழ்க்கையில் செய்த கணக்குகளிலேயே அதுதான் கடினமானது.

மட்டையில் அதன் கீழே 'நடுவுக்குப் போறேன், தெக்கே' என்று கீறினாள். வரும்போதே பழக்கத்தில் மரங்களை எண்ணியிருந்தாள்; வரிசையின் நடுவில் நிற்கும், கல்லிலிருந்து ஐம்பத்தொன்றாவது மரத்துக்குத் திரும்பி வந்து தெற்கே இறங்கினாள். வடக்கே பாறை. ஆகவே காடு தெற்கே மட்டும்தான் இருந்திருக்க முடியும். எந்தப் பக்கம் நூற்றொன்று, எந்தப் பக்கம் நூற்றுமூன்று என்று தெரியாது. தவறினாலும் ஒரு மர இடைவெளிதானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள். பத்தடிக்கு ஒன்றாக இல்லாத மரங்களை எண்ணிக்கொண்டு மணலில் இறங்கி ஏறினாள். செத்துப்போன பனைகள் காலுக்கடியில் வரிசையாக நின்றுகொண்டிருப்பதுபோல இருந்தது.

எண்ணிக்கை முடிந்த இடத்தில் ஒன்றும் இல்லை. வெறும் பள்ளம். கொஞ்சம் விலகி, தரையிலிருந்து நாலைந்து பச்சை ஓலைகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. கழுத்து வரை மணலில் புதைந்தும் சாகாத ஒரு பனை. சுற்றிலும் எல்லாம் பட்டுப்போக இது மட்டும் பச்சையாக இருக்கிறது என்றால், அதன் வேருக்கு எங்கோ தண்ணீர் கிடைக்கிறது.

பள்ளத்தின் அடியில் கையால் தோண்டினாள். நகம் பிய்ந்தது. முழங்கை ஆழத்தில் கல் தட்டியது. மணலை வாரி வாரித் தள்ளியபோது வட்டமான ஒரு கல்மூடி தெரிந்தது. எதிரெதிர் ஓரங்களில் கை நுழையும்படி இரண்டு பிடிகள் குடைந்திருந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. கையை அகட்டி இரண்டையும் பிடிக்கப் பார்த்தாள். எட்டவில்லை. எந்த ஒற்றை ஆளின் கைக்கும் எட்டாது. காதை வைத்துக் கேட்டாள். கல்லின் குளுமை காதில் பட்டது. இரண்டு அங்குலக் கல்லுக்கு அடியில் தண்ணீர் இருக்க, அதன் மேல் அவள் நா வறண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் சூடம் நினைவுக்கு வந்தது. காய்ந்த ஓலையும் பன்னாடை நாரும் பொறுக்கிக் குவித்தாள். சாஸ்தாவுக்கு வைத்திருந்த சூடம் அத்தனையையும் அடியில் வைத்துப் பற்ற வைத்தாள். தீ பிடித்ததும் மேலே பச்சை ஓலையைப் போட்டாள். கரும்புகை திரண்டு எழுந்து, காற்றில் சாய்ந்து, தேரியின் மேல் நீண்டது.

செய்ய வேண்டியது அதற்கு மேல் ஒன்றும் இல்லை. காத்திருக்க வேண்டும். அவள் காத்திருந்து பழகாதவள். யாரையும் எதிர்பார்க்காமல் இருந்துவிட்டால் யாரும் வராமல் போகும் வலி இல்லை என்று வாழ்ந்தவள். இப்போது வெயிலில் ஓலையை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு, "யாராவது வாங்க" என்று வாய்விட்டுச் சொன்னாள். யாரிடம் சொல்கிறோம் என்று யோசித்தாள். யோசித்துவிட்டு மறுபடியும் சொன்னாள்.

முதலில் வந்தவன் லிங்கதுரை. மேற்கு மேட்டின் மேல் ஒரு தலை தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. அவள் ஓடினாள். உதடு வெடித்து, கண் உள்ளே போய், தவழாத குறையாக வந்துகொண்டிருந்தான். தோளில் தாங்கிக் கூட்டி வந்து பனை நிழலில் தலையைச் சாய்த்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கருப்பட்டித் துண்டை அவன் நாக்கில் வைத்தாள்.

"பாதி மரம் இன்னும் வரலைட்டி," என்றான் அவன், மூச்சுக்கு மூச்சு நிறுத்தி. "அதான் லேட்டு."

"நான் தப்பாச் சொல்லிட்டேன்ணே. கல்லுல மேல இருந்தது ரெண்டு இல்ல, பிள்ளையார் சுழி."

"எண்ணு சரியாத்தான் சொன்னே. வாசிச்சவன் நான்லா." அவன் கண்ணை மூடிக்கொண்டு புன்னகைத்தான்.

அவனை எழுப்பி மூடியைப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தாள். அவன் விரல்கள் மடங்கவே இல்லை. அவள் மறுபடியும் ஓலையை அள்ளினாள். பிறகு பின்னால் மணல் சரியும் சத்தம் கேட்டது. சந்தனமாரி மேட்டிலிருந்து சறுக்கிக்கொண்டே இறங்கி வந்தாள். பின்னால் சுயம்பு கம்பை ஊன்றி நொண்டிக்கொண்டு வந்தார். காற்று அவரை உருட்டியதில் கணுக்கால் பிசகியிருந்தது. கேனும் கவிழ்ந்துபோயிருந்தது. அவள் கையில் காலிப் புட்டியும் நீலத் துண்டும் அந்தப் பனைமட்டையும் இருந்தன. அந்தப் புட்டித் தண்ணீர்தான் அவர்கள் இருவரையும் இங்கே வரை நடக்க வைத்தது.

அவள் கணவனைப் பார்த்தாள். மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். பிறகு மூடியின் ஒரு பிடியில் கையை நுழைத்தாள். தவக்கனி மறுபிடியைப் பிடித்தாள்.

"தம் பிடிச்சுத் தூக்கு," என்றாள் மைனி. "விட்டுராத."

"விட மாட்டேன் மைனி."

கல் முனகியது. ஒரு விரற்கடை எழுந்தது. சுயம்பு கம்பை நுழைத்து நெம்பினார். மூடி புரண்டு மணலில் விழுந்தது. உள்ளேயிருந்து பழைய இருட்டின் குளிர்ந்த மூச்சு ஒன்று முகத்தில் அடித்தது. அடியில் வானம் ஒரு காசளவு மின்னியது.

புட்டியில் ஒரு கல்லை எடைக்குப் போட்டு, நீலத் துண்டையும் சுயம்புவின் தலைப்பாகையையும் முடிந்து அதில் கட்டி இறக்கினார்கள். முதல் தண்ணீரை லிங்கதுரையின் உதட்டில் சொட்டுச் சொட்டாக விட்டாள் சந்தனமாரி. இரண்டாவதைத் தவக்கனியிடம் நீட்டினாள். தவக்கனி அதைச் சுயம்புவிடம் கொடுத்தாள். சுயம்பு மறுபடி சந்தனமாரியிடம் நீட்டினார். லிங்கதுரை படுத்தபடியே, இப்படியே சுற்றிக்கொண்டிருந்தால் தானே திரும்பவும் குடித்துவிடுவேன் என்றான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சந்தனமாரி சிரித்துக்கொண்டே அழுதாள்.

பொன்குடம் எதுவும் இல்லை. இனிக்கும் தண்ணீர்தான் இருந்தது. புகையைப் பார்த்து ஊரார் வந்து சேர்ந்தபோது, மூடிக்கு எதற்கு எட்டாத தூரத்தில் இரண்டு பிடி என்று ஒருவர் கேட்டார். பிள்ளைகள் விழுந்துவிடாமல் இருக்க என்றார் ஒருவர். தேரிக்குள் யாரும் தனியாக வரக்கூடாது என்று வள்ளியம்மை சொல்லிவைத்திருக்கிறாள் என்றாள் சந்தனமாரி. அதையே எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். லிங்கதுரையைக் கட்டிலில் வைத்து நாலு பேர் தூக்கினார்கள். ஊர் எல்லையில் குலவையிட்டு வரவேற்றார்கள். தவக்கனி அன்றிரவு அண்ணன் வீட்டில், ஒற்றைத் தட்டு அல்ல, ஏழெட்டுத் தட்டு போட்ட பந்தியில் சாப்பிட்டாள். சாஸ்தாவுக்குக் கொடுக்க வேண்டிய சூடத்தை மறுநாள் இரட்டிப்பாகக் கொளுத்தினாள்.

அடுத்த பங்குனி உத்திரத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். பக்தர்கள் இப்போது பனைமட்டைகள் நட்ட பாதை வழியாகக் கிணற்றுக்கு வந்து குடித்துவிட்டுப் போனார்கள். மூடியை எப்போதும் இரண்டு பேர்தான் திறந்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு தவக்கனி கல்தூணுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழி தோண்டி, ஒரு பனங்கொட்டையை இட்டு மூடினாள்.

"அது எதுக்குட்டி இப்போ?" என்று கேட்டாள் சந்தனமாரி.

பத்தாயிரத்து நானூற்று மூன்றை ஒரே ஒரு விதமாகத்தான் பங்கு போட முடியும், அதோடு ஒன்று சேர்ந்தால் இரண்டு பேருக்கும் வரும், மூன்று பேருக்கும் வரும், நாலு, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, பதினேழு பேருக்கும் மீதியில்லாமல் வரும் என்று தவக்கனி சொன்னாள். மைனிக்குக் கணக்கு புரியவில்லை. ஆனால் அவள் குனிந்து, அந்த மண்ணின் மேல் ஒரு கை தண்ணீரை ஊற்றினாள்.

ஒன்று சேர்ந்ததால் எதுவும் பெரிதாகிவிடுவதில்லை. பங்கிடுவது எளிதாகிவிடுகிறது, அவ்வளவுதான்.